புழுதிக்குள் 0.2 வினாடி: சார்டினியா ராலி பற்றி வாசகர் கேள்வி – பதில்

மத்தியதரைக் கடலில் சிசிலிக்கு அடுத்த பெரிய தீவு சார்டினியா. உலக ராலி சாம்பியன்ஷிப்பின் இத்தாலியச் சுற்று, 2004ஆம் ஆண்டு முதல், 2010 ஒன்றைத் தவிர, ஆண்டுதோறும் இந்தத் தீவின் சரளை மண் சாலைகளில்தான் நடந்து வருகிறது. அதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி (கோவில்பட்டி வாசகர்): தொலைக்காட்சியில் இந்தப் பந்தயத்தைப் பார்த்தேன். திரையில் எப்போதும் ஒரே ஒரு கார்தான் ஓடிக்கொண்டிருந்தது. முந்துவதற்கு ஆளே இல்லாத ஓட்டத்தை எப்படிப் பந்தயம் என்று சொல்வது?

பதில்: ஆள் உண்டு, கண்ணில் படமாட்டார். அவர் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு முன்னால் போயிருப்பார், அல்லது இரண்டு மூன்று நிமிடங்கள் கழித்து வருவார். முன்னே போன கார் கிளப்பிய புழுதி அடங்கினால்தான் பின்னால் வருகிறவருக்குச் சாலை தெரியும் என்பதால், கார்களை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டே அனுப்புகிறார்கள். பொதுப் போக்குவரத்துக்கு அடைக்கப்பட்ட ஒரு மண் சாலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எடுத்துக்கொண்ட நேரம், வினாடியில் பத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாகக் குறிக்கப்படுகிறது. இப்படிப்பட்ட ஒரு துண்டுக்கு ‘ஸ்டேஜ்’ என்று பெயர். 2024ஆம் ஆண்டுப் போட்டியில் 16 ஸ்டேஜ்கள் இருந்தன. அவற்றின் மொத்த நீளம் 266 கிலோமீட்டர். எல்லா நேரங்களையும் கூட்டினால் யாருடைய தொகை குறைவோ அவரே வெற்றியாளர்.

ஒரு ஸ்டேஜ் முடிந்து அடுத்ததன் தொடக்கத்துக்குப் போகும் வழி சாதாரணப் பொதுச் சாலை என்பதுதான் இதில் பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி. அந்த வழியில் இதே பந்தயக் கார், நம்பர் பிளேட்டும் விளக்குகளுமாக, சிக்னலில் நின்று, வேக வரம்பை மதித்து, முன்னால் போகும் டிராக்டருக்குப் பின்னே பொறுமையாக ஊர்ந்துதான் போக வேண்டும். அடுத்த சோதனைச் சாவடியில் குறித்த நிமிடத்துக்கு ஆஜராகாவிட்டால், தாமதமான ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 வினாடி கூட்டப்படும். அவசரப்பட்டு முன்கூட்டியே நுழைந்தாலோ, தண்டனை நிமிடத்துக்கு ஒரு முழு நிமிடம். சீக்கிரம் வந்தவருக்குத் தாமதமாக வந்தவரைவிட ஆறு மடங்கு தண்டனை தரும் போட்டி வேறு ஏதும் இருப்பதாக எனக்கு நினைவில்லை.

கேள்வி (மதுரை வாசகி): ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டே இருக்கிறார். சாலையை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவர் அங்கே எதற்கு?

பதில்: அவர் இல்லாவிட்டால் ஓட்டுநர் பாதி வேகத்தில்கூடப் போக முடியாது. பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு ஸ்டேஜையும், கட்டுப்படுத்தப்பட்ட வேகத்தில், இரண்டே முறை ஓட்டிப் பார்க்க இருவருக்கும் அனுமதி உண்டு. முதல் முறை போகும்போது ஓட்டுநர் ஒவ்வொரு வளைவையும் சொல்லச் சொல்ல, துணை ஓட்டுநர் எழுதிக்கொள்கிறார். இரண்டாம் முறை அதைப் படித்துத் திருத்திக்கொள்கிறார்கள். பந்தய நாளில் அந்த நோட்டுப் புத்தகம்தான் ஓட்டுநரின் கண். ‘இடது நான்கு, எண்பது, மேடு தாண்டி வலது இரண்டு, வெட்டாதே, உள்ளே கல்’ என்று ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கி வழியே குரல் வந்துகொண்டே இருக்கும். எண், வளைவின் கடுமையைக் குறிக்கும்; எண்பது என்பது அடுத்த வளைவு வரை உள்ள மீட்டர்; ‘வெட்டாதே’ என்றால் வளைவின் உட்புறத்தை ஒட்டிக் குறுக்கே போகாதே என்று பொருள்.

காருக்குள் பொருத்திய கேமராவின் ஒளிப்பதிவு கிடைத்தால், சாலையை விட்டுவிட்டு அந்தத் துணை ஓட்டுநரின் கையை மட்டும் ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். உடல் முழுவதும் குலுங்கும்போதும் ஒரு விரல் வரியின் மீதே நகர்ந்துகொண்டிருக்கும். கார் எந்த வளைவில் இருக்கிறது என்பதை அவர் நிமிர்ந்து பார்த்து அறிவதைவிட, இருக்கையில் உணரும் சாய்வினாலேயே பெரும்பாலும் அறிந்துகொள்கிறார். ஒரு வரி தவறினால் அடுத்த வளைவு தவறிவிடும். சார்டினியாவில் அந்த அடுத்த வளைவின் ஓரத்தில் மரமோ பாறையோ கல் சுவரோ நிச்சயம் காத்திருக்கும். மோன்டே லெர்னோ ஸ்டேஜில் ‘மிக்கீஸ் ஜம்ப்’ என்று புகழ்பெற்ற ஒரு மேடு உண்டு. அதில் கார் நான்கு சக்கரமும் தரையை விட்டுப் பறந்து இறங்கியதும் உடனே வளைவு வரும். பார்வையாளர்களுக்கு அது படம் எடுக்கும் இடம். துணை ஓட்டுநருக்கோ, வயிறு தொண்டைக்கு வரும் அந்தக் கணத்திலும் அடுத்த வரியைப் படித்தாக வேண்டிய இடம்.

கேள்வி (ஈரோடு வாசகர்): புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவரை முதலில் ஓடவிடுவதே அவருக்குத் தண்டனை என்று வர்ணனையாளர் சொன்னார். முதலில் போவது நல்லதுதானே? புழுதி இருக்காதே?

பதில்: புழுதி இருக்காது, உண்மைதான்; ஆனால் பிடிப்பும் இருக்காது. சார்டினியாவின் மண் சாலை இரண்டு அடுக்குகளாக இருக்கிறது. அடியில் இறுகிப்போன கெட்டித் தளம். அதன் மேல் மணலும் பொடிக் கல்லும் விரித்துவிட்டதுபோல ஒரு தளர்ந்த படலம். ரோடு ரோலர் ஏறாத ஜல்லிச் சாலையில் சைக்கிளைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு முதல் காரின் நிலைமை புரியும். அது பிரேக் பிடித்தால் வழுக்கும், திருப்பினால் நேராகப் போகும், முடுக்கினால் சக்கரம் சுழலும். ஆனால் அப்படிச் சறுக்கிக்கொண்டே போகும்போது அது அந்தப் படலத்தைத் துடைப்பம்போல ஓரங்களுக்குத் தள்ளிவிடுகிறது. அதற்குப் பின் வருகிறவர் சற்றுச் சுத்தமான பாதையில் ஓடுகிறார். பத்தாவதாக வருகிறவருக்குக் கெட்டித் தளமே கிடைத்துவிடுகிறது. ராலிக்காரர்கள் இதை ‘சாலை பெருக்குதல்’ என்றே குறிப்பிடுகிறார்கள். இதில் ஒரு கிலோமீட்டருக்கு அரை வினாடி வித்தியாசம் வந்தால்கூட, 20 கிலோமீட்டர் ஸ்டேஜில் அது 10 வினாடியாகிவிடும். மழை பெய்தால் இந்தக் கணக்கு தலைகீழாகலாம். ஆனால் ஜூன் மாதச் சார்டினியாவில் மழையை நம்பி யாரும் திட்டம் போடுவதில்லை.

முதல் முழு நாளில் சாம்பியன்ஷிப் வரிசைப்படியும், அதன்பின் வரும் நாட்களில் அந்தப் போட்டியின் தரவரிசையைத் தலைகீழாக்கியும் கார்கள் அனுப்பப்படுகின்றன. ஆகவே உலகப் புள்ளிப் பட்டியலில் முதல்வராக இருப்பவர் வெள்ளிக்கிழமை முழுவதும் மற்றவர்களுக்காகச் சாலையைப் பெருக்கிக்கொடுக்க வேண்டும்.

2015ஆம் ஆண்டு இதற்கு நல்ல உதாரணம். அப்போது நடப்பு உலகச் சாம்பியனாக இருந்த பிரான்ஸின் செபாஸ்டியன் ஓஜியே முதலாவதாகப் புறப்பட்டுச் சாலையைப் பெருக்கினார். வரிசையில் வெகு பின்னே வந்த நியூசிலாந்தின் ஹெய்டன் பேடன், சுத்தமான தடத்தைப் பயன்படுத்தி எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார். ஆனால் சனிக்கிழமை பேடன் தவறி நேரத்தை இழக்க, ஓஜியே அவரைக் கடந்து வென்றார். பேடனுக்கு இரண்டாமிடம், உலக ராலியில் அவர் மேடை ஏறியது அதுவே முதல் முறை. ‘வரிசையில் பின்னால் வந்ததால் கிடைத்த இடம்’ என்று அதைத் தள்ளிவிடுபவர்களோடு நான் உடன்படவில்லை. அன்று பின்னால் வந்த எல்லோருக்கும் அந்தத் தடம் இருந்தது, பயன்படுத்தியவர் அவர்.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. பெரும்பாலான ஸ்டேஜ்களில் கார்கள் காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை என இரண்டு தடவை ஓடுகின்றன. இரண்டாம் தடவைக்குள் மணல் போய்விடும்; ஆனால் சக்கரங்கள் உழுது உழுது, ஆழமான பள்ளத் தடங்களும், அடியிலிருந்து வெளியே தலைநீட்டும் கருங்கல் பாறைகளும் மிஞ்சும். காலையில் முதலில் போகிறவர் பாவம் என்றால், பிற்பகலில் கடைசியில் போகிறவர் பாவம்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): 2024இல் 0.2 வினாடி வித்தியாசத்தில் வெற்றி என்கிறார்கள். மூன்று நாள் ஓடிய பிறகு இப்படி ஒரு முடிவு எவ்வாறு சாத்தியம்?

பதில்: மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 0.2 வினாடியில் கடக்கும் தூரம் 5 மீட்டர். அதாவது, 266 கிலோமீட்டர் ஓடி முடித்தபின் இருவருக்கும் இடையில் ஒரு காரின் நீளத்தைவிடச் சற்றே அதிகமான இடைவெளிதான் இருந்தது. ஆனால் கடைசி வரை இருவரும் சமமாக ஓடி வந்ததால் கிடைத்த முடிவல்ல அது. டொயோட்டாவில் ஓஜியே முன்னிலையோடுதான் கடைசி ஸ்டேஜுக்கு வந்தார். ஹூண்டாயில் இரண்டாமிடத்தில் இருந்த எஸ்தோனியாவின் ஓட் தானாக், அந்த இடத்தோடு வீடு திரும்ப மனத்தளவில் தயாராகியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கடைசி ஸ்டேஜில் ஓஜியேயின் டயர் பஞ்சரானது. நின்று மாற்ற நேரமில்லை. காற்றிழந்த சக்கரத்தோடே எல்லையைத் தொட்டார். கூட்டிப் பார்த்தபோது 0.2 வினாடி தானாக்கின் பக்கம் இருந்தது.

உலக ராலி வரலாற்றில் இதைவிடக் குறுகிய வெற்றி கிடையாது. இதற்குச் சமமான ஒன்று மட்டும் உண்டு: 2011இல் ஜோர்டான் ராலியில் பின்லாந்தின் யாரி-மட்டி லட்வாலாவை இதே 0.2 வினாடியில் தோற்கடித்தவர் யார் தெரியுமா? இதே ஓஜியே. 13 ஆண்டுகள் கழித்து வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் எனக்கு வியப்பளிப்பது அந்த இடம்தான். சஸ்ஸாரி–ஆர்ஜென்டியேரா என்ற அந்தக் கடைசி ஸ்டேஜ் ஏழு கிலோமீட்டர் அளவே உள்ள சிறிய துண்டு; வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் தோண்டியெடுக்கப்பட்டு, 1960களில் மூடப்பட்ட ஒரு பழைய சுரங்க ஊரின் அருகே, கடலைப் பார்த்தபடி ஓடுகிறது. நீளத்தில் சாதாரணமான இந்தத் துண்டில்தான் மூன்று முறை வெற்றி கை மாறியது. 2018இல் ஓஜியே ஒரு வினாடிக்கும் குறைவான முன்னிலையோடு அங்கே வந்தார். பெல்ஜியத்தின் தியரி நூவில் அதைப் பறித்து 0.7 வினாடியில் வென்றார். 2019இல் அதே தானாக், 26 வினாடிக்கும் மேற்பட்ட முன்னிலையோடு அங்கே நுழைந்தார். நிதானமாக ஓட்டி வந்தாலே போதும் என்ற நிலை. வழியில் பவர் ஸ்டீயரிங் செயலிழந்தது. கார் சுழன்று ஓரத்துக்குப் போய், இரண்டு நிமிடத்துக்கும் மேல் போய்விட, அவர் ஐந்தாமிடத்துக்குச் சரிந்தார். எதிர்பாராமல் வெற்றி பெற்றவர் ஸ்பெயினின் டானி சோர்டோ. அவர் தன் உலக ராலி வாழ்க்கையில் பெற்ற வெற்றிகள் மூன்று. முதலாவது 2013இல் ஜெர்மனியில், மற்ற இரண்டும் 2019லும் 2020லும் இந்தத் தீவிலேயே. 2019இல் இழந்ததை 2024இல் அதே ஏழு கிலோமீட்டரில் தானாக் திரும்பப் பெற்றார் என்று கணக்கு எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்டீயரிங்குக்கும் டயருக்கும் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது தெரியாது.

ஓஜியேயைப் பற்றி வருந்த வேண்டாம். 2013, 2014, 2015, 2021 ஆகிய ஆண்டுகளில் இங்கே வென்ற அவர், 2025இல் தானாக்கை 7.9 வினாடியில் தோற்கடித்து ஐந்தாம் முறையாக வென்றார். நான்கு முறை வென்ற, அதே பிரான்ஸின் செபாஸ்டியன் லோப் அவருக்கு அடுத்த நிலையில் இருக்கிறார்.

கேள்வி (திருவொற்றியூர் வாசகர்): பஞ்சரானால் ஓட்டுநரே மாற்றிக்கொள்ள வேண்டுமா? எங்கள் ஊரில் தயாராகும் டயர்கள் இந்தப் போட்டியில் ஓடுகின்றனவா?

பதில்: ஸ்டேஜின் நடுவில் வெளியாள் யாரும் உதவக் கூடாது. காருக்குள் அதிகபட்சம் இரண்டு ஸ்டெப்னி வைத்துக்கொள்ளலாம். ஒன்றோடு போனால் எடை குறையும், இரண்டோடு போனால் மனம் நிம்மதியாக இருக்கும். பஞ்சரானதும் இருவரும் இறங்கி, ஒருவர் ஜாக்கியைப் பொருத்த, மற்றவர் நட்டைக் கழற்ற, வார் பூட்டி இருந்த ஸ்டெப்னியை உருவி மாட்டி, கழற்றியதை உள்ளே கட்டி, மீண்டும் இருக்கை வாரைப் பூட்டிக்கொண்டு புறப்படுவதற்குள், எவ்வளவு பழகிய கைகளாக இருந்தாலும் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் போய்விடும். தீப்பிடிக்காத தடித்த உடை. மேலே கொளுத்தும் வெயில். காருக்குள் 50 டிகிரியைத் தொடும் வெப்பம். ஸ்டேஜின் முடிவு அருகில் இருந்தால், 2024இல் ஓஜியே செய்ததுபோல, மாற்றாமல் ஓட்டிவிடுவதே லாபம்.

உலக ராலியின் உச்சப் பிரிவில் எல்லோரும் ஒரே நிறுவனத்தின் டயரையே பயன்படுத்த வேண்டும். 2021 முதல் 2024 வரை அது பிரெல்லி. 2025 முதல் ஹான்கூக். ஆகவே உங்கள் ஊர் எம்.ஆர்.எஃப். டயரை அங்கே தேடாதீர்கள். ஆனால் அடுத்த கட்டத்தில் அது நன்றாகவே ஓடுகிறது: ஸ்பெயினின் எஃப்ரென் லியரெனா 2022இல் ஐரோப்பிய ராலி சாம்பியன் பட்டம் வென்றது எம்.ஆர்.எஃப். டயர்களில்தான். அதற்கு முன்பே 2013, 2016, 2017 ஆண்டுகளில் இந்தியாவின் கௌரவ் கில் ஆசிய-பசிபிக் ராலி சாம்பியனானதும் எம்.ஆர்.எஃப். அணிக்காகவே.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): தீவு என்றால் பாதை ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். சைப்ரஸிலும் முன்பு இதே போட்டி நடந்ததே, இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. சைப்ரஸ் உலகப் போட்டியில் இருந்த காலத்தில் அது மலைமேல் முறுகி முறுகிப் போகும், வேகம் மிகக் குறைந்த, காரை உடைக்கும் ராலி. அங்கே நிதானமாக ஓட்டுபவருக்கே மதிப்பு. சார்டினியா அதைவிட வேகமானது, ஆனால் மிகக் குறுகியது. கார் ஒரு அடி விலகினாலும் ஓரத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது. அது பெரும்பாலும் தக்கை ஓக் மரம். ஒன்பது பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை அதன் பட்டையை உரித்து, மது பாட்டிலுக்கு மூடி செய்கிறார்கள். உரித்த மரத்தின் அடிப்பகுதி செங்காவி நிறத்தில் நிற்கும். மரம் இல்லாத இடத்தில், சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி ஆட்டு மேய்ச்சல் நிலத்தைப் பிரித்திருக்கும் சுவர்கள். ராலிக்காக யாரும் போட்ட சாலைகள் அல்ல இவை. ஆட்டுக்காரர்களும் மரம் வெட்டுபவர்களும் போய்வரும் வழிகள். ஆண்டில் சில நாட்கள் மட்டும் அவை இப்படி இரவல் போகின்றன.

கேள்வி (தூத்துக்குடி வாசகி): வெற்றி பெற்றவர்கள் உடையோடு கடலில் குதிக்கிறார்களே, அது ஏன்?

பதில்: போட்டியின் தலைமையிடம் சில ஆண்டுகள் அல்கேரோவாகவும், சில ஆண்டுகள் ஓல்பியாவாகவும் இருக்கிறது, இரண்டும் துறைமுக ஊர்கள். மேடைக்கு எதிரிலேயே தண்ணீர் இருக்கிறது. மூன்று நாள் அந்த வெப்பத்தில் புழுதியை விழுங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு வேறு காரணம் தேவையா என்ன? ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் பந்தய உடை, காலணி எல்லாவற்றோடும் குதிப்பது இந்த ராலியின் வழக்கமாகிவிட்டது. அவர்களின் உடை காய்வதற்குள் அவர்களுடைய கார் தொழில்நுட்பப் பரிசோதனைக்குப் போய், பாகங்கள் விதிப்படி இருக்கின்றனவா என்று சோதிக்கப்படும். முடிவு அதிகாரபூர்வமாவது அதற்குப் பிறகுதான்.